கயிறு பிடிப்பவர் யார்?

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மனம் புத்தகத்தை விட்டு எங்கெங்கோ பறக்கத் தொடங்கும் காலம் இது. பெற்றோர் பணப்பையைத் திறந்து எண்ணிப் பார்க்கும் காலமும் இதுவே. இவ்வேளையிலே தாய் ஒருவரிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதனை இங்கே சுருக்கித் தருகிறோம்:

"என் மகன் உயர்தர வகுப்பு மாணவன். நண்பர் ஐவருடன் நிலாவெளிக்குப் போய், புறாத்தீவிலே முகக்கண்ணாடியும் குழாயும் பூட்டிக் கடலடியைப் பார்க்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நீந்தத் தெரியும் என்கிறான். மறித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்கிறான். விட்டால் எனக்கு உறக்கம் வராது. அனுப்பலாமா, கூடாதா? ஒரு சொல்லிலே பதில் எழுதுங்கள்."

அம்மையீர், ஒரு சொல்லிலே பதில் எழுதும் வல்லமை எமக்கில்லை. ஔவையார் நீரிலே விளையாட வேண்டாமென்று குழந்தைகளுக்குப் புத்தி சொன்னார். "ஆழமறியாமற் காலை விடாதே" என்று நம் பாட்டிமாரும் சொல்லி வைத்தனர். ஆயினும் கடலிலே காலே வைக்கலாகாது என்று அவர்கள் சொல்லவில்லை. கடலை நம்பி வாழ்ந்த மக்களன்றோ நாம்! ஆகவே எமது பதில் இதுதான்: போகட்டும்; ஆனால் அனுப்புவதற்கு முன் உங்கள் மகனிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள். "தம்பி, கயிறு பிடிப்பவர் யார்?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியின் பொருள் விளங்க, மன்னார்க் கடலுக்கு ஒருமுறை போய் வருவோம். முத்துக் குளிக்க இறங்குபவன் கனத்த கல்லொன்றைத் துணையாகக் கொண்டு கடலடிக்குப் போவான். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியைச் சேர்ப்பான். பின் கயிற்றை அசைப்பான். தோணியிலே கயிற்றைப் பிடித்து நிற்பவன் உடனே அவனை மேலே இழுக்க வேண்டும். கண் அயர்ந்தால் ஓருயிர் போகும். அதனாலேதான் கயிறு பிடிப்பதற்கு மைத்துனனையே நிறுத்துவார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக் கயிறும் தன் கையிலேயே இருக்கிறது என்பதை அவன் ஒருபோதும் மறவான் அல்லவா?

கடலுக்குள் இறங்குபவனுடைய திறமை எவ்வளவு பெரிதாயினும், மேலே நிற்பவனுடைய அக்கறையே அவனைக் கரைசேர்க்கிறது. முத்துக் குளிப்புக்கு மட்டுமன்று, இன்றைய உல்லாச முக்குளிப்புக்கும் இதுவே முதற் பாடம்.

இனி, பையன் போக விரும்பும் இடத்தைப் பார்ப்போம். திருகோணமலை நகருக்கு வடக்கே 15 கிலோமீற்றர் தூரத்திலே நிலாவெளி. அதன் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலே பெரிதும் சிறிதுமாக இரண்டு கற்றீவுகள். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிலே கூடு கட்டி வாழ்ந்தமையால் புறாத்தீவு என்றும் புறாமலை என்றும் பெயர் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலே இங்கு துப்பாக்கிப் பயிற்சி நடந்ததாம்! 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் இத்தீவுகள் பிரகடனஞ் செய்யப்பட்டன. இன்று வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலே இருக்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டாலோ அதே கடல் வேறு கடலாகிவிடும்.

கரையோரத்திலே இடுப்பளவு நீரிலே முகத்தைத் தாழ்த்தினாலே போதும். அங்கே ஒரு தனி உலகம் தெரியும். மான் கொம்பு போலவும் மேசைப் பலகை போலவும் மூளையின் மடிப்புகள் போலவும் முருகைக்கற்கள் வளர்ந்து கிடக்கும். கிளியின் அலகு போன்ற வாயுடைய மீன்கள் கல்லைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கும் ஓசை காதிலே கேட்கும். செட்டை நுனி கறுத்த சுறாக்கள் சில வேளை தூரத்தே வளைய வரும். சுறாவென்றதும் அம்மையார் கலங்க வேண்டாம். இவ்வினம் கூச்சமுள்ளது, மனிதரைக் கண்டால் விலகுவதே அதன் இயல்பு. அழுங்காமையும் பிற கடலாமைகளும் இங்கு வருவதுண்டு.

இவற்றைப் பார்ப்பதற்கு வேண்டிய கருவிகள் மிக எளியவை. நம் கண் காற்றினூடே பார்ப்பதற்கென்றே அமைந்தது. நீர் நேரே கண்ணைத் தொட்டால் எல்லாம் மங்கலாகும். முகக்கண்ணாடி கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிது காற்றை நிறுத்தி வைக்கிறது. அவ்வளவுதான் அதன் இரகசியம். ஆயினும் ஒளி முறிவினாலே பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் நாலிலொரு பங்கு அண்மையிலும் தோன்றும். பையன் திரும்பி வந்து "இவ்வளவு பெரிய மீன்!" என்று கையை விரித்தால், அவன் பொய் சொல்லுகிறான் என்று எண்ணாதீர்கள், கொஞ்சம் கழித்துக் கொள்ளுங்கள்.

மற்றக் கருவி மூச்சுக்குழாய். ஸ்நோர்க்கல் என்பது அதன் பெயர். ஒரு முழத்துக்கும் குறைந்த இக்குழாயை ஏன் பத்து முழமாக்கி ஆழத்துக்குப் போகக் கூடாது என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு மீற்றர் ஆழத்திலேயே மார்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மீதும் நீர் 100 கிராம் அளவு மேலதிகமாக அழுத்தும். நெஞ்சுப் பரப்பு முழுவதற்கும் பெருக்கிப் பார்க்கும் மாணவர் விடையைக் கண்டு திகைப்பர். அந்தப் பாரத்தை எதிர்த்து மேலேயுள்ள காற்றை உள்ளிழுக்க நம் மார்புத் தசைகளால் இயலாது. அன்றியும் நீண்ட குழாயினுள்ளே நாம் விட்ட அசுத்தக் காற்றே தங்கியிருந்து மறுபடியும் உள்ளே வரும். ஆகவே குழாய் குட்டையாக இருப்பதே உயிருக்குக் காப்பு.

இனி அபாயத்தைச் சொல்வோம். நண்பர் ஐவர் என்று அம்மையார் எழுதியிருக்கிறார். ஐந்து இளைஞர் ஒன்றுகூடினால் போட்டி வராமலிராது. "யார் அதிக நேரம் மூச்சடக்குவது, பார்ப்போமா?" என்று ஒருவன் தொடங்குவான். மற்றொருவன் வெல்லும் ஆசையிலே வேகவேகமாகப் பத்து இருபது முறை மூச்சிழுத்து விட்டு மூழ்குவான். இதுவே எல்லாவற்றிலும் கொடிய விளையாட்டு. மூச்சு முட்டும் உணர்ச்சி ஒட்சிசன் குறைவதால் வருகிறதென்று பலர் எண்ணுவர். உண்மையில் இரத்தத்திலே காபனீரொட்சைட்டு மிகுவதே "மேலே வா" என்று நம்மை எச்சரிக்கிறது. வேகமாக மூச்சு விடுபவன் அந்தக் காபனீரொட்சைட்டைக் குறைத்து, எச்சரிக்கும் மணியின் நாக்கையே அறுத்துவிடுகிறான். மணி அடிப்பதற்கு முன்னரே ஒட்சிசன் தீர்ந்துவிடும். வலியுமில்லை, சத்தமுமில்லை, நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு பலியாகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நீந்தத் தெரியும் என்ற மகனின் பதில் போதாது என்று நாம் சொல்வது இதனாலேதான்.

ஆகவே போட்டி கூடாது. ஒருவன் மூழ்கினால் மற்றொருவன் மேலே மிதந்தபடி அவனையே பார்த்திருக்க வேண்டும். அவன் எழுந்து ஒழுங்காக மூச்செடுக்கும் வரை கண்ணை எடுக்கலாகாது. இங்கே கயிறு இல்லை. அந்தப் பார்வையே கயிறு. உயிர்காப்பு அங்கி அணிவதை எவரும் வெட்கமென்று எண்ண வேண்டியதில்லை. நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறதென்று படகோட்டியிடம் கேட்ட பின்னரே இறங்க வேண்டும். படகுகள் வந்து போகும் வழியிலே மிதத்தல் ஆகாது.

சிலிண்டரை முதுகிலே சுமந்து ஆழத்துக்குப் போகும் ஸ்கூபா முறை இதிலும் வேறானது. பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கன்யானும் 1943இல் உருவாக்கிய கருவியே இதற்கு வழி திறந்தது. அதுவரை தடித்த செப்புத் தலைக்கவசமும் மேலிருந்து வரும் காற்றுக் குழாயும் வேண்டியிருந்தன. அதன் பின்னரே மனிதன் மீனைப் போலத் தன்னிச்சையாகத் திரியலானான். நம் நாட்டிலும் அதன் பயன் விரைவிலே தெரிந்தது. 1956இல் இலங்கைக்கு வந்து பின்னர் இங்கேயே வாழ்ந்து 2008இல் கொழும்பிலே காலமான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியிலே மூழ்கினர். 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கடலடியிற் கிடக்கக் கண்டனர். மூழ்குவது வெறும் விநோதமன்று, சரித்திரத்தையும் மீட்டுத் தரும் என்பதற்கு இது சான்று. அண்டையிலுள்ள மாலைதீவிலே 1972இல் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் பெருவருவாய் தன் தெளிந்த கடலைக் காண வருவோராலேயே கிடைக்கிறது.

இந்த ஸ்கூபாவிலே காக்க வேண்டிய விதிகள் பலவாயினும், அவற்றின் சாரம் நம்மவர் பழமொழி ஒன்றிலே அடங்கும்: "பதறாத காரியம் சிதறாது." பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீற்றர் ஆழத்திலே நிரப்பிய மூச்சு, மேல்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும். வகுப்பிலே படித்த போயிலின் விதி இங்கே நெஞ்சுக்குள்ளேயே வேலை செய்கிறது. அச்சத்தாலே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்பவனுடைய சுவாசப்பை கிழிந்துவிடும். ஆகவே சிலிண்டரிலிருந்து மூச்செடுப்பவர் ஒருபோதும் மூச்சடக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஆழத்திலே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். மெல்ல எழுந்தால் அது மெல்ல வெளியேறும். விரைந்து எழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல உடம்பினுள்ளே குமிழிகள் கிளம்பும். மூட்டு வலியிலிருந்து பாரிசவாதம் வரை அதனால் விளையும். வடக்கிலும் கிழக்கிலும் சங்குக்கும் கடலட்டைக்குமாகச் சிலிண்டர் கட்டி மூழ்கும் தொழிலாளருள் இவ்வாறு கால் விளங்காமற் போனவர்கள் உண்டு. அவர்கள் விளையாட்டுக்குப் போனவர்களல்லர். வயிற்றுப்பாட்டுக்காக ஒரே நாளிலே பன்முறை மூழ்கியவர்கள். அவர்களுக்குக் கயிறு பிடிப்பாரில்லாமற் போயிற்று. உல்லாசத்துக்காகப் போகும் நாம் அவர்களுடைய துன்பத்திலிருந்தாவது பாடங் கற்க வேண்டாமா?

முறையான பயிற்சி பெறாமல், சான்றிதழ் உள்ள ஆசானின் துணையில்லாமல் சிலிண்டரைத் தொடலாகாது. முதற்படிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கும் 18 மீற்றரே எல்லை. தடிமன் பிடித்திருந்தால் அன்று மூழ்க வேண்டாம். காதுச் சவ்வு நோகும். தொய்வு, இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இறங்கவே கூடாது. மூழ்கிய பின் ஒரு நாளாவது ஆகாயவிமானத்தில் ஏறாதிருப்பது நன்று. நம் நாட்டார் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். உல்லாசப் பிரயாணிகள் காலையிலே கடலையும் மாலையிலே மலையையும் பார்த்துவிட எண்ணுவர். 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவுக்குக் காரிலே ஏறுவதும் வளியழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவதேயாம். மலையை முதலிலும் கடலைக் கடைசியிலும் வையுங்கள். அன்றேல் இடையிலே ஒரு நாள் இளைப்பாறுங்கள்.

இதுவரை பிள்ளைக்குக் கயிறு பிடிப்பது பற்றிச் சொன்னோம். கடலுக்குக் கயிறு பிடிப்பவர் யார்? இக்கேள்வி எம் மனத்திலே எழுந்த கதையையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் குடும்பத்தோடு புறாத்தீவுக்குப் போனோம். இரவல் முகக்கண்ணாடிக்குள்ளே நீர் புகுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய எண்ணிக் கண்ணில் பட்ட கல்லொன்றிலே ஏறி நின்றோம். படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க கடற்றொழிலாளி. அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஐயா, அது கல்லில்லை, உயிர். மிதியாதேங்கோ!" நாம் பதறிக் கீழே இறங்கினோம். இறங்கும்போது விரலளவு கிளையொன்று சடக்கென்று முறிந்தது. வெளியே சிறு ஒலிதான். ஆயினும் நீருக்குள்ளே அது காதிலே அறைந்தது போலக் கேட்டது. கரைக்கு வந்து பார்த்தால், காலடியிலே வெள்ளை வெள்ளையாக முருகைக்கல் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றுட் பல அலை உடைத்தவை. நம்மைப் போன்றவர்களின் கால் உடைத்தவை எத்தனையோ!

படகோட்டி சொன்னது முழு உண்மை. முருகைக்கல் என்பது நுண்ணிய பிராணிகள் கூடிக் கட்டிய வீடு. அப்பிராணியின் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கும். பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைக்கும். பிராணி அதற்கு இருக்க இடங் கொடுக்கும். கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளர்தல் கூடும். உருண்டை இனங்களோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரே வளரும், பலவேளை அதுவுமில்லை. ஒரு பானையளவு திரண்ட கல், நம் பாட்டனார் காலத்திலே வளரத் தொடங்கியிருத்தல் கூடும். அதனை உடைக்க ஒரு நொடியும் ஒரு குதிக்காலும் போதும்.

கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பாசிகள் வெளியேறிவிடும். கல் வெளிறிப் பட்டினியால் மடியும். 1998இல் மாலைதீவிலும் நமது தென், மேற்குக் கடல்களிலும் இவ்வாறு பேரழிவு நேர்ந்தது. ஆனால் திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின் அத்தீவுக்குச் சனங்கள் திரள்திரளாகப் போகத் தொடங்கினர். சூட்டுக்குத் தப்பிய முருகைக்கல் காலுக்குத் தப்பவில்லை. கடலின் சூட்டைத் தணிக்க ஒரு குடும்பத்தால் இயலாதென்பது மெய்யே. காலைத் தூக்கி வைத்திருக்க எந்தக் குடும்பத்தாலும் இயலுமன்றோ?

ஆகவே அம்மையீர், மகனிடம் இவற்றையும் சொல்லி அனுப்புங்கள். களைத்தால் மிதக்கட்டும், நிற்க வேண்டுமானால் வெறும் மணலிலே நிற்கட்டும். கையை மார்போடு கட்டிக்கொள்ளட்டும். ஆமையைத் துரத்த வேண்டாம். அதுவும் மூச்செடுக்க மேலே வரவேண்டிய பிராணியே. மீனுக்குப் பாணும் பிஸ்கற்றும் போட வேண்டாம். முதுகு வேகாதிருக்கக் களிம்பு பூசுவதிலும் நீண்ட கைச் சட்டை அணிவது மேல். தங்கைக்கென்று ஒரு முருகைக்கல் துண்டையேனும் சட்டைப்பையில் போட்டு வருதல் ஆகாது. தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்தல் சட்டப்படி குற்றம். கொண்டுபோன பொலித்தீனும் போத்தலும் கொண்டுபோன பையிலேயே திரும்பி வரட்டும்.

இவ்வளவும் கேட்ட பின் "கயிறு பிடிப்பவர் யார்?" என்று வினவுங்கள். "இன்னார் என்னைப் பார்ப்பான், நான் இன்னாரைப் பார்ப்பேன், படகோட்டி ஐயா எங்கள் எல்லோரையும் பார்ப்பார்" என்று பெயர் பெயராகச் சொல்வானாயின், சந்தோஷமாக விடை கொடுங்கள். "நாங்கள் எல்லோரும் பெரிய பிள்ளைகள்தானே" என்று மழுப்புவானாயின், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

எமக்கு இன்னொரு யோசனையும் உண்டு. நீங்களும் கூடப் போனால் என்ன? உயிர்காப்பு அங்கியை அணிந்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரிலே ஒருமுறை முகத்தைத் தாழ்த்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கென்றே வாழ்ந்து, தமக்கென ஒரு விடுமுறையும் அறியாத தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். அந்த நீல வெளிச்சத்தைக் காணும் உரிமை இளைஞருக்கு மட்டுமா உண்டு? அப்போது கயிறு யார் கையில் இருக்கிறதென்ற கவலையும் உங்களுக்கு இராது. அன்றைக்கு உங்கள் மகனே உங்களுக்குக் கயிறு பிடிப்பான்.